தேதி எழுதும் கை

கேள்வி: நான் பி.காம். முடித்தவள், வயது 24. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், பங்காளிகளுக்கும் பொதுவான எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், அப்பத்தாவின் பக்குவத்தில் தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் செய்து, எட்டு மாதங்களாக வாட்ஸ்அப் வழியாகச் சென்னைக்கும் கோவைக்கும் விற்று வருகிறேன். மாதம் 45,000 ரூபாய் வரை விற்பனை ஆகிறது. வீட்டில் செய்வதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயமா? அதிகாரிகள் அடுப்படி வரை வருவார்களா? அரசாங்கத்தை வீட்டுக்குள் கூப்பிடாதே என்கிறார் அப்பச்சி (என் அப்பா). 76 வயதான அப்பத்தாவின் பெயரில் பதிவு எடுத்தால் கெடுபிடி இருக்காது என்கிறாள் தோழி. ஒரு தடவை சுட்டால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு டின்னில் இருக்கும். பார்சல் கிளம்பும் அன்று அப்பத்தாவே தயாரித்த தேதியை எழுதித் தருவார். வாடிக்கையாளர்கள் படம் பிடித்துப் போடும் அளவுக்கு அழகான கையெழுத்து. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பதிவைப் பற்றிக் கேட்டு என்னிடம் வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை, அதற்கான விடையைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் பெருமையாக எழுதிய அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன். டின்னில் பன்னிரண்டு நாள் இருந்த பலகாரத்தின் மேல், பார்சல் கிளம்பும் நாளைத் தயாரித்த தேதி என்று உங்கள் அப்பத்தா எழுதுகிறார். அது பொய் என்று உங்களுக்குத் தெரியவில்லையா, அல்லது கையெழுத்து அழகாக இருப்பதால் கண்ணில் படவில்லையா?

பாக்கெட்டில் இருபது நாளைக்குள் சாப்பிடச் சொல்லி அச்சிட்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் இருபதாம் நாள் பிரிக்கும்போது அது முப்பத்திரண்டு நாள் பலகாரம். வெறும் தேன்குழலாக இருந்தால், நல்ல எண்ணெயில் சுட்டுக் காற்றுப் புகாமல் வைத்திருந்தால், ஒருவேளை தாங்கும். சீப்புச் சீடையில் தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைகிறோம்; மணகோலத்தில் தேங்காய்ப் பல் கிடக்கிறது. சிக்கு வாடை முதலில் எதில் வரும் என்பதை என்னை விட நன்றாகவே அறிந்தவர் உங்கள் அப்பத்தா. அவர் வீட்டுக்குச் செய்தால் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பார். கோவையில் பாக்கெட்டைப் பிரிக்கும் குழந்தைக்கு அந்த மூக்கு இல்லை, அம்மா. அங்கே அந்தத் தேதி ஒன்றுதான் இருக்கிறது.

கூரியரில் போடும் நாளைத்தானே போடுகிறோம் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தயாரித்த தேதி என்பது பலகாரம் பலகாரமாக முடிந்த நாள். அடைத்த தேதி என்பது விற்கிற உறைக்குள் அதைப் போட்ட நாள். இவை இரண்டையும் 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள் தனித்தனியாக வரையறுத்திருக்கின்றன. அடைத்த நாளைப் போடுவதானால் அடைத்த நாள் என்றே எழுத வேண்டும். நீங்கள் எழுதுவது தயாரித்த தேதி. தவறான விவரம் தாங்கிய பொட்டலத்தை விற்றால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த உணவால் ஒருவர் இறந்தே போனால் 65-ஆவது பிரிவு குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் தோழியின் யோசனை எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். லாபத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு, பொய்த் தேதியை அப்பத்தா கையால் எழுத வைத்து, நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் 76 வயது மனுஷியை முன்னால் நிறுத்துவதா? வயதானவர்கள் மேல் நமக்குள்ள கடமை அவர்களுக்கு முன்னால் நாம் நிற்பது. பேத்தி கேட்டால் மறுக்கத் தெரியாத கை அது. அந்தக் கையை இப்படிப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

என் ஆத்தா சீர்ப் பலகாரம் சுட்ட டின்களை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு டின்னுக்குள்ளும், மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி, பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் 'ஆவணி 12, தேன்குழல்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். முந்தைய ஈடும் அடுத்த ஈடும் ஒரே டின்னில் கலக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒரு முறை இடம் போதாமல் அவசரத்தில் நான் கலந்துவிட்டேன். அந்த டின் முழுவதையும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி, மறுபடியும் மாவு பிசைந்தார். அப்போது கேட்க எந்த அதிகாரியும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக் கடை வைத்த குடும்பங்கள் நம்முடையவை; பேரேட்டில் ஒரு நாள் பிசகினால் வட்டியே மாறிவிடும் என்பதால் தேதியைத் தொட்டு விளையாட யாருக்கும் துணிவு வராது. அப்படிப்பட்ட வளவு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தேதியைத் தள்ளிப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வீட்டில் செய்தாலும் விற்பனை விற்பனைதான்; பதிவு கட்டாயம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் சிறு உணவு வணிகர் என்று வகுத்து, உரிமம் இல்லாமல் பதிவு மட்டும் போதும் என்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தன. உங்கள் கணக்குப்படி ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். ஆகவே உங்களுக்கு உரியது பதிவுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பியுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அதோடு சேர்மானங்கள், நிகர எடை, பச்சைப் புள்ளி, மணகோலத்தில் நிலக்கடலை இருப்பதைத் தனியாகச் சொல்லும் வரி ஆகியவையும் வேண்டும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி உயிர்காப்பு.

அதிகாரி வரலாம், வரட்டும். அவர் பார்ப்பது குடிக்கத் தக்க தண்ணீரா, சமைக்கும் இடத்தில் பூச்சியும் குப்பையும் இல்லாமல் இருக்கிறதா, கையில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர் மாவைத் தொடுகிறாரா, தொற்றுநோய் உள்ளவர் வேலை செய்கிறாரா என்பவற்றைத்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது கெடக் கெடச் சேரும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. இவற்றில் எதற்கு அப்பச்சி பயப்பட வேண்டும்? மருமகள் வீட்டார் வருகிறார்கள் என்றால் முகப்பிலிருந்து அடுப்படி வரை கழுவி விடுகிற குடும்பத்துக்கு ஓர் அரசு ஊழியர் வந்தால் என்ன குறைந்துவிடும்? பொது வீடு என்பதால் பங்காளிகளிடம் முன்கூட்டியே நேரில் சொல்லி, சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்தவர் வாயால் தெரிந்தால்தான் அவர்களுக்கு வருத்தம் வரும்.

ஒருவேளை பதிவு கிடைத்த பிறகும் தேதி விஷயம் அப்படியே தொடர்ந்தால் அந்த 14 இலக்க எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஆகவே ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு தொகுதி எண் கொடுத்து, அடுப்பை அணைத்த அன்றே, பாக்கெட் போடுவதற்கு முன்பே, டின்னுக்குள் அப்பத்தா ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும். லேபிளில் அந்தச் சீட்டின் தேதியையே எழுதட்டும். கையிருப்பு பழையதாகிறது என்றால் ஆர்டர் வாங்கிக்கொண்டு சுடுங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் பார்சல் என்று அறிவித்துவிட்டால் காத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது தவறான தேதி எழுதிய சில பாக்கெட்டுகள் வீட்டில் இருக்கலாம், அவற்றை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்ட பாக்கெட்டுகளின் வாடிக்கையாளர்களுக்கு, எந்த நாளில் சுட்டது என்பதைச் சொல்லி, வேண்டாம் என்றால் பணம் திரும்பும் என்று இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். அந்தச் செய்தியை நீங்களே எழுத வேண்டும். அப்பத்தாவை எழுதச் சொல்லாதீர்கள்.