கடல்நீர்த் தொட்டியில் கடிக்கும் மீன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நுவரெலியாவில் எங்கள் வீட்டில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் பதினைந்து அங்குல உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பாக, மூன்று வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும் சிறு மீன் ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கிவந்து முதலில் விட்டோம். சில மாதங்கள் கழித்து இரண்டு கோமாளி மீன்களைச் சேர்த்தோம். அன்றிலிருந்து கறுப்பு மீன் அவற்றை ஓட ஓட விரட்டுகிறது. ஒன்றின் வால் கிழிந்துவிட்டது. அது ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, இரை போட்டாலும் வெளியே வருவதில்லை. இதைவிடப் பெரிய மீன் ஒன்றைச் சேர்த்தால் கொட்டம் அடங்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: பெரிய மீனைச் சேர்க்க வேண்டாம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 70 லீற்றர்; மணலும் பாறையும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் நீர் 60 லீற்றருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவ்வளவு குறைந்த நீரில் இன்னொரு பெரிய மீனின் கழிவும் சேர்ந்தால் அமோனியா ஏறும், அடிபட்ட மீன்தான் முதலில் சாகும்.

நீங்கள் சொல்லும் மீன் மூன்று புள்ளி டாம்சல். கடைகளில் டொமினோ என்பார்கள். குஞ்சாக இருக்கும்போது கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற கடல் விலங்குகளை அண்டி வாழும் இது, வளர வளரப் புள்ளிகள் மங்கி, 14 சென்ரிமீற்றர் வரை பெருத்து, தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு காவல் காக்கும். கடலில் விரட்டப்பட்ட மீன் சில மீற்றர் தூரம் விலகிப் போய்விட்டால் சண்டை அத்தோடு முடிந்துவிடும். இரண்டடித் தொட்டியிலோ எந்த மூலைக்கு ஓடினாலும் அது டாம்சலின் எல்லைக்குள்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் தனியாக வாழ்ந்த மீனுக்கு முழுத் தொட்டியும் சொந்த இடம். பிறகு வந்தவை அதன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்தவை. விலை குறைவு, எளிதில் சாகாது என்ற காரணங்களுக்காகவே இந்த மீனைப் புதியவர்களுக்கு விற்கிறார்கள். அதன் குணத்தையும் வளர்ச்சியையும் சொல்லாமல் விற்பது வாங்குபவருக்கும் மீனுக்கும் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

முதல் வேலையாக டாம்சலைப் பிரித்தெடுங்கள். அடிபட்டதை எடுத்து வேறிடத்தில் வைத்தால், திரும்ப விடும்போது அது மறுபடியும் புதிய மீனாகவே நடத்தப்படும். வலையோடு துரத்தினால் டாம்சல் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும், மற்ற மீன்களும் மிரளும். தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, சிறிது இறால் துண்டை இட்டுத் தொட்டியின் அடியில் கிடத்துங்கள். தன் இடத்தில் எது வந்தாலும் முதலில் போய்ப் பார்ப்பது டாம்சல்தான். உள்ளே போன மீனுக்கு வெளியேறும் வழி எளிதில் அகப்படாது. போத்தலின் அருகிலேயே இருந்து, சிக்கியதும் தூக்கிவிடுங்கள்.

பிடித்த மீனை வாளியில் விட்டுவைக்காதீர்கள். நுவரெலியாவின் இரவுக் குளிரில் வாளி நீர் சில மணி நேரத்திலேயே குளிர்ந்துவிடும். இந்த மீன்களுக்கோ 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வேண்டும். சிறு துளைகள் இட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மீனை விட்டு, அந்தப் பெட்டியை அதே தொட்டிக்குள் பொருத்துங்கள். ஒரே ஹீட்டர் இரண்டுக்கும் போதும். அது பெட்டிக்குள் இருக்கும் ஒன்றிரண்டு வாரங்களில், அதன் பழைய எல்லை கலையும்படி பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். அவற்றில்தான் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பதால் குழாய்நீரில் கழுவக் கூடாது. இரையைச் சிறிது சிறிதாக, தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஹீட்டரோடு ஒட்டிக் கிடக்கும் மீனுக்குச் சூட்டுக்காயம் ஏற்படக்கூடும் என்பதால் ஹீட்டரைச் சுற்றித் துளையுள்ள உறை ஒன்றையும் மாட்டுங்கள்.

மலைநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதே வெப்பநிலையில் நீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். ஓடிக் களைத்த மீனுக்கு அது போதாமல் போகலாம். செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, மீன் மேற்பரப்பிலேயே நின்றால், நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்பின் வாயை மேலே திருப்புங்கள். மூடியாகக் கண்ணாடியைவிட வலையே நல்லது: காற்றும் போகும், விரட்டப்பட்ட மீன் துள்ளி வெளியே விழவும் மாட்டாது.

இவ்வளவும் செய்து டாம்சலைத் திரும்ப விட்டால் சில காலம் அமைதி நிலவக்கூடும். ஆனால் அது வளரும், தொட்டி வளராது. ஆகவே கடைக்கோ பெரிய தொட்டி உள்ள ஒருவருக்கோ அதைக் கொடுத்துவிடுவதுதான் என் முடிவான ஆலோசனை. நீர்கொழும்புப் பக்கம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பல இடத்து மீன்களோடு ஒரே நீரில் இருந்த மீன் நோய்களையும் கடலுக்குக் கொண்டுபோகக்கூடும்.

கேள்வி: எங்கள் தொட்டியிலும் இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன. சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுங்கவைக்கிறது. நோயா, சண்டையா? (பண்டாரவளை வாசகி)

பதில்: இரண்டும் இல்லை. கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. இரண்டில் பெரியது பெண்ணாக மாறி ஆதிக்கம் செலுத்தும், சிறியது இப்படி நடுங்கித் தன் பணிவைக் காட்டும். அவற்றைப் பிரிக்க வேண்டாம், மூன்றாவது கோமாளி மீனையும் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்து, வாயோடு வாய் கவ்வி இழுத்துக்கொண்டாலோ துடுப்புகள் கிழிந்தாலோ மட்டும் ஒன்றைப் பிரித்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தெளிவாகச் சிறிய குட்டி ஒன்றைத் தருமாறு கடைக்காரரிடம் கேளுங்கள்.