பேபி கேரியர்: அட்டையில் போட்டிருக்கும் கிலோவை நம்பி வாங்கலாமா?

குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: என் மகளுக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. எடை 5.4 கிலோ. கீழே விட்டால் ஒரே அழுகை. கேரியர் வாங்கலாம் என்று பார்த்தால் 1,300 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘எர்கோனாமிக்’ (உடல்வாகுக்கு ஏற்றது) என்றும், 15 கிலோ, 20 கிலோ வரை தாங்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டு வயது வரை வருகிற மாதிரி ஒன்றே ஒன்று வாங்க ஆசை. காலை விரித்து உட்கார வைத்தால் கால் வளைந்துவிடும் என்கிறார் மாமியார். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, மதுரை

முதலில் மாமியாரைச் சமாதானப்படுத்திவிடுவோம். நம் வீடுகளில் குழந்தையை இடுப்பில் எப்படி வைத்துக்கொள்கிறோம்? ஒரு கால் நமக்கு முன்னால், ஒரு கால் பின்னால், முழங்கால் சற்று மேலே ஏறியபடி. நல்ல கேரியரில் குழந்தை உட்கார்வதும் அப்படித்தான். உங்கள் கணவரையும் அவர் அப்படித் தூக்கித்தான் வளர்த்திருப்பார். கைக்குழந்தைகளின் கால் இயல்பாகவே கொஞ்சம் வளைந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுவாக்கில் தானாக நேராகிவிடும். கேரியர் மேல் பழி போட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அதற்கு நேர்மாறான விஷயத்துக்கு. மலிவான கேரியர்கள் பலவற்றில் உட்காரும் பகுதி ஒரு சாண் அகலம்கூட இருக்காது. குழந்தையின் முழு எடையும் தொடைகளுக்கு நடுவில் உள்ள அந்தத் துணியில் இறங்கும், கால்கள் நேராகத் தொங்கும். முதல் ஆறு மாதம் இடுப்பு மூட்டு இன்னும் இளசாக இருக்கும் காலம். அந்த வயதில் கால்களை நீட்டித் தொங்கவிடாமல், தொடை முழுவதையும் துணி தாங்க, முழங்கால் இடுப்பு மட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும்படி வைக்கச் சொல்கிறது இடுப்பு மூட்டுக் கோளாறுகளுக்கான அமெரிக்க அமைப்பான இன்டர்நேஷனல் ஹிப் டிஸ்பிளேசியா இன்ஸ்டிட்யூட். முன்னாலிருந்து பார்த்தால் குழந்தையின் இரு கால்களும் பின்பக்கமும் ஆங்கில ‘எம்’ எழுத்துபோலத் தெரியும். ‘எர்கோனாமிக்’ என்று யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். இந்த ‘எம்’ வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கிலோ கணக்குக்கு வருவோம். பொதுவாகக் குழந்தை ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ இருக்கும். இரண்டு வயதில்கூடப் பன்னிரண்டை ஒட்டித்தான் வரும். ஆக, 20 கிலோ என்ற எண்ணுக்கு உங்கள் வீட்டில் வேலையே இல்லை. கேரியர் பத்தாமல் போவது எடையால் அல்ல, அளவால். மூன்று மாதத்தில் முழங்காலிலிருந்து முழங்கால் வரை சரியாக இருந்த துணி, ஒன்பதாம் மாதத்தில் தொடையில் பாதியோடு நின்றுவிடும். அப்போது கால் தொங்கும், குழந்தை நெளியும், உங்களுக்குத் தோள் வலிக்கும். சரி, பெரியதாகவே வாங்கிவிடுவோம் என்று இப்போதே அகலமானதை எடுத்தால், சின்னக் கால்கள் பக்கவாட்டில் பிடித்து இழுத்தது மாதிரி நிற்கும்.

அதனால் இரண்டு வயது வரை ஒன்றே போதும் என்றால், உட்காரும் பகுதியின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க வழி உள்ளதா என்பதுதான் முதல் கேள்வி. சிலவற்றில் இடுப்புப்பட்டையில் வெல்க்ரோ இருக்கும், சிலவற்றில் அடித்துணியைச் சுருக்கும் நாடா இருக்கும். முதுகுத்துணியின் உயரமும் அப்படியே கூட வேண்டும்: இப்போது கழுத்து வரை, பின்னால் வளர்ந்தபிறகு குறைந்தது அக்குள் வரைக்கும்.

தையலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தோள்பட்டை முதுகுத்துணியோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட்டதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் பக்கிள். மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கழற்ற வேண்டுமென்றே அழுத்தினால்தான் கழல வேண்டும். பட்டையின் நுனியையும் பாருங்கள். அதை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துத் தைத்திருந்தால்தான், பட்டை தளர்ந்தாலும் பக்கிளைவிட்டு முழுதாக உருவி வராது.

மதுரை வெயிலுக்குத் தடித்த பஞ்சு வைத்த கேரியர் சரிப்படாது. பருத்தியோ, காற்றோட்டமான வலைத்துணியோ எடுங்கள். வலைத்துணி என்றால் தொடையில் படும் ஓரத்தை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே அறுத்தால் குழந்தைக்குக் கேட்கவா வேண்டும்? கேரியரும் ஓர் உடைதான், குழந்தைக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும்.

விலை? நான் பார்த்தவரை 3,000 முதல் 6,000 ரூபாய்க்குள் நம் நாட்டுத் தயாரிப்புகளிலேயே இந்த வசதிகள் கிடைக்கின்றன. அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி பிராண்டுக்கும் இறக்குமதிக்கும் போகிறது. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2236, ஐரோப்பியத் தரமான ஈஎன் 13209-2 ஆகியவற்றில் ஒன்றின்படி சோதித்தது என்று போட்டிருந்தால் நல்லது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கேரியர் பொம்மை அல்ல, பொம்மைக் கடையில் வாங்கினாலும் அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: குழந்தை 2.3 கிலோவில் பிறந்தான். இப்போது நாற்பது நாள், மூன்று கிலோவைத் தொட்டுவிட்டான். சீமந்தத்துக்கு அடியில் பஞ்சு சீட் வைத்த ஹிப் சீட் கேரியர் ஒன்று பரிசாக வந்தது. எப்போதிருந்து பயன்படுத்தலாம்?
– வாசகி, திருநெல்வேலி

இப்போது வேண்டவே வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையை மறந்துவிடலாம் என்று மதுரை வாசகிக்குச் சொன்னேன். குறைந்தபட்ச எடை அப்படியல்ல. பல கேரியர்களில் குறைந்தபட்ச எடை 3.2 அல்லது 3.5 கிலோ. நம் ஊரில் நல்லபடியாகப் பிறக்கும் குழந்தைகள் பலவே மூன்று கிலோவுக்குக் கீழேதான். ஆகவே ‘பிறந்த நாள் முதல்’ என்று விளம்பரம் சொன்னாலும் நம் குழந்தைகளுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் (தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் துணி) வகைக் கேரியர்கள் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவற்றோடு தொடர்புடைய 14 குழந்தை மரணங்களை அது ஆராய்ந்துகொண்டிருந்தது. 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிறையாதவை. கழுத்து நிற்காத குழந்தை துணிக்குள் சுருண்டால் மோவாய் மார்பில் ஒட்டிக்கொள்ளும், மூச்சுக்குழல் மடங்கும். அழக்கூட முடியாது. அதனால் குறைந்த எடையில் பிறந்த குழந்தை, குறைமாதக் குழந்தை, சளி பிடித்திருக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதிலும் வைக்காதீர்கள்.

டாக்டர் சரி என்ற பிறகும் எந்தக் கேரியராக இருந்தாலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். துணியை விலக்காமலே முகம் தெரிய வேண்டும். மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குழந்தையின் வயிறும் மார்பும் உங்களோடு ஒட்டினாற்போல் இருக்க, அதன் முதுகு தாங்கப்பட்டிருக்க வேண்டும், தொளதொளவென்று இருக்கக் கூடாது.

பரிசாக வந்த ஹிப் சீட் அதன் அட்டையிலேயே இருக்கட்டும். தானாக உட்காரும் குழந்தைக்கானது அது. ஆறேழு மாதம் கழித்து இடுப்பில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் வயதில் அருமையாக உதவும்.

கேள்வி: நான் நாலடி பதினொரு அங்குலம், கணவர் ஆறடி. ஒரே கேரியரை இருவரும் போடுகிறோம். அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்கு அரை மணியில் முதுகு விண்ணென்று தெறிக்கிறது. சிசேரியன் ஆகி மூன்று மாதம் ஆகிறது.
– வாசகி, ஆவடி

கேரியரைக் குறை சொல்வதற்கு முன் அவர் கழற்றிய அளவிலேயே நீங்கள் மாட்டுகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இதுதான். ஒவ்வொரு முறையும் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இடுப்புப்பட்டை முதலில். பலரும் அதை பேண்ட் பெல்ட் மாதிரி தாழ்வாகக் கட்டுகிறார்கள். இடுப்பெலும்பின் மேல், கொஞ்சம் உயர்த்தி, இறுக்கமாகக் கட்டுங்கள். எடையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்க வேண்டும், தோளில் அல்ல. புடவை மேல் கட்டினால் கொசுவத்தின் மடிப்பில் பட்டை வழுக்கும், சுடிதார் வசதி. பிறகு குழந்தையை வைத்து, தோள்பட்டைகளை இழுங்கள். முதுகில் இரு பட்டைகளையும் இணைக்கும் குறுக்குப் பட்டை தோளெலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். கழுத்துக்கு ஏறினாலும், இடுப்புக்கு இறங்கினாலும் வலிதான். கடைசியாகக் குழந்தையின் முதுகில் கை வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். குழந்தை உங்களைவிட்டு விலகித் தொங்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, பட்டையை முழுக்க இழுத்த பிறகும் தொளதொளவென்று இருந்தால், அந்தக் கேரியர் உங்கள் உடம்புக்கு வெட்டியதல்ல. குள்ளமானவர்கள் வாங்கும்போது பட்டை எவ்வளவு நீளும் என்பதைவிட எவ்வளவு சுருங்கும் என்று கேட்க வேண்டும். முதுகில் குறுக்காகப் போடும் பட்டையுள்ளது உங்களுக்கு இன்னும் பொருந்தும். சிசேரியன் தையல் போட்ட இடத்தில் இடுப்புப்பட்டை உறுத்தினால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு பழக வேண்டிய பொருள் அல்ல இது.

கேள்வி: ஏழு மாதக் குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் அம்மா வீட்டுக்குப் போகலாமா? இரண்டு கிலோமீட்டர்தான்.
– வாசகி, கோவை

கூடாது. கேரியர் நடப்பதற்கானது. வண்டி சாய்ந்தால் நீங்கள் விழுவது குழந்தையின் மேல்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் ஏற்ற மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தனி விதி கொண்டுவந்தது. 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை. ஓட்டுபவரோடு குழந்தையை இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கு அளவான ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று மூன்று நிபந்தனைகள். அந்தப் பட்டை 30 கிலோ வரை தாங்க வேண்டும். கேரியரை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. உங்கள் குழந்தைக்கு அந்த வயதும் ஆகவில்லை. ஆட்டோவில் போங்கள். காரில் போனாலும் குழந்தையைக் கேரியரில் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள், அதற்குக் குழந்தைக்கான கார் சீட்தான்.

கேள்வி: ஐந்து மாதமாகிறது. மகன் வெளியே வேடிக்கை பார்க்க வேண்டும் என்று திமிறுகிறான். முன்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாமா?
– வாசகர், சேலம்

கழுத்து நன்றாக நின்றிருந்தால், கேரியரும் அதை அனுமதித்தால், கொஞ்ச நேரம் வைக்கலாம். தூங்கத் தொடங்கியதும் உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். தானாக உட்காரும் வயது வந்ததும் முதுகில் ஏற்றிக்கொண்டால் அவனுக்கும் வேடிக்கை, உங்களுக்கும் கை ஓய்வு.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கேரியரின் பக்கிள் மூன்றாம் வாரமே விரிசல் விட்டுவிட்டது. ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் விற்பனையாளர்.
– வாசகர், தஞ்சாவூர்

செய்ய முடியும். பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, குறையுள்ள பொருள் வேறு. ஏழு நாள் என்பது அவர்கள் வைத்த விதி. பொருள் குறைபாடுடையது என்றாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்.

முதலில் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டாம். விரிசலை அருகில் வைத்துப் படம் எடுங்கள், லேபிளும் பேட்ச் எண்ணும் தெரியும்படி ஒன்று. ரசீதோடு விற்பனையாளருக்கும் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் நிற்காது. அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் தஞ்சை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி: அக்கா மகளுக்கு வாங்கிய கேரியர் நான்கு வருடமாகப் பரணில் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

தாராளமாக, சோதித்துவிட்டு. பக்கிள்களை ஒவ்வொன்றாகப் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். வெளுத்து மொரமொரப்பாக இருந்தால் வேண்டாம். பட்டைகளை இரண்டு கையாலும் பலமாக இழுங்கள், தையல் பிரிகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பிராண்டும் மாடலும் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று இணையத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். வளையம் கோத்த ஸ்லிங் என்றால் வளையத்தை விரலால் தடவுங்கள்: ஒட்டவைத்த தடம் தட்டுப்பட்டால் அது திரைச்சீலைக்கு ஆகும், குழந்தைக்கு ஆகாது. எல்லாம் சரி என்றால் வாசனையில்லாத சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள். தோள்பட்டை நுனியைக் குழந்தை சப்பாமல் விடாது.