முற்றிய கண்புரைக்கு லேசர்தான் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். “பழுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டே வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. காபி ஊற்றும்போது குவளைக்குள் விரலை விட்டுத்தான் அளவு பார்க்கிறார். தனியார் மருத்துவமனையில் லேசர் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள்; செலவு கூடுதல். “கத்தியே படாது, அதையே செய்வோம்” என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, சூடான காபிக்குள் விரலை விடுகிறார் என்று படித்ததும் மனம் பதறியது. இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பழுத்த பிறகு எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்போது புரை படிந்த கண் லென்ஸை முழுசாக வெளியே எடுத்தார்கள். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், அல்ட்ராசவுண்டு அதிர்வால் அதை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகு காத்திருக்கத் தேவையே இல்லாமல் போனது. இன்று காத்திருந்தால் புரை இறுகி, அறுவைதான் கடினமாகும்.

தம்பி நினைப்பது போல லேசர் எல்லாவற்றையும் செய்துவிடாது. கருவிழி ஓரத்தில் கீறல், லென்ஸ் உறையில் வட்டத் திறப்பு, லென்ஸைப் பிளப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. அப்புறம் மருத்துவர் கண்ணுக்குள் கருவியை விட்டுத்தான் துண்டுகளை உறிஞ்சி எடுத்து, செயற்கை லென்ஸை வைக்கிறார்.

அம்மாவின் புரை என்ன நிறம் என்று கேளுங்கள். கருப்பட்டி நிறமென்றால் கெட்டியாக இருக்கும், உடைக்க அதிர்வு அதிகம் தேவை. அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கும். போன செல்கள் திரும்ப வளராது. லேசர் முன்கூட்டியே பிளந்து கொடுத்தால் அதிர்வைக் குறைக்கலாம். பால் போல வெளுத்து ஊதியிருந்தால் கதை வேறு. வெங்காயத் தோலைவிட மெல்லிய அந்த உறைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்; கையால் திறக்கும்போது சட்டென்று ஓரம்வரை கிழிந்துபோகலாம். லேசர் சில நொடிகளில் வட்டத்தை வெட்டிவிடுவதால் அங்கே அது நல்ல துணை. ஆனால் வெள்ளைப் புரைக்குள் லேசர் ஒளி சரியாக இறங்காது, பிளக்கும் வேலையை அல்ட்ராசவுண்டு கருவிதான் செய்யவேண்டும்.

நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பதால் இன்னொன்று. சொட்டு மருந்து விட்டும் சிலருக்குக் கண்மணி விரிவதில்லை. விரியாவிட்டால், எவ்வளவு பணம் கட்டினாலும் லேசர் சரிப்படாது. புரைக்குப் பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது அதையும் பொறுத்தது.

பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில் லேசருக்குத் தனி மேன்மை தெரியவில்லை. ஆகவே, கெட்டியான புரைகளை அடிக்கடி செய்து பழகிய கைதான் எனக்கு முக்கியம். அந்த மருத்துவரே பரிசோதித்து, “இந்தக் கண்ணுக்கு லேசர் உதவும்” என்று காரணத்தோடு சொன்னால் செய்யுங்கள். இல்லையென்றால் வழக்கமான முறையே போதும்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியம் கிடைக்கும். அம்மாவின் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) போதாவிட்டால் வரம்புக்கு உட்பட்டு உங்களுடையதையும் பயன்படுத்தலாம். இடது கண்ணையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அதையும் பழுக்கவிட வேண்டாம்.