ஏழு சீட் வண்டி வாங்க எது சரியான வயது? உங்கள் வயதல்ல, பிள்ளைகளின் வயது

பிள்ளைகளுக்கு 6 வயதும் 11 வயதும் ஆகிறது, இருக்கிற சின்ன கார் போதவில்லை, ஏழு சீட் வண்டிக்கு மாறலாமா, உங்கள் வீட்டில் எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். ஆனால் அந்தப் பெரிய வண்டி நிறைந்து ஓடப்போவது நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்ச காலம்தான். பணக்கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

நாங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரர்கள். எங்கள் வீட்டுக் கார்கள் வரிசையாக: சான்ட்ரோ, ஓம்னி, எர்டிகா, இப்போது வேகன் ஆர். இதில் எர்டிகா மட்டும்தான் ஷோரூமிலிருந்து நேராக வந்தது, மற்றதெல்லாம் இன்னொருவர் ஓட்டிய வண்டி.

சான்ட்ரோ பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வர ஆரம்பித்த வண்டி, ஒரு காலத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒன்று நிற்கும். கூரை உயரம் என்பதால் கைக்குழந்தையோடு ஏறி இறங்க முதுகு வலிக்காது. மகள் பிறந்த பிறகு சில வருடங்கள் ஓடியது. அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

மகன் பிறந்த பிறகு ஓம்னி வந்தது. "கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏத்தற வண்டி" என்று என் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வண்டியின் அருமை புரியும். ஒரு பக்கம் வீட்டு வாசற்படிகள் தெருவுக்கே வந்திருக்கும், இன்னொரு பக்கம் வரிசையாக பைக். சாதாரண காரின் கதவை முழுதாகத் திறந்தால் ஏதாவது ஒரு பைக்கின் கண்ணாடியில் இடிக்கும். பாதி திறந்த இடுக்கு வழியாகத் தூங்கும் குழந்தையை வெளியே எடுப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஓம்னியின் சறுக்குக் கதவைப் பின்னால் தள்ளினால் போதும். தரையும் தாழ்வு, மூன்று வயதுப் பையன் தானாக ஏறிவிடுவான். நீளம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு, ஆனால் எட்டு பேர் உட்காரலாம்.

எங்களுடையது எட்டு சீட் ஓம்னி. அதில் நடு வரிசை பின்பக்கம் பார்த்து இருக்கும். பிள்ளைகள் இருவரும் அதில் உட்கார்ந்து எதிரே இருக்கும் பாட்டியின் முழங்காலை இடித்துக்கொண்டே வருவார்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் வேக்காடு. என் மகள் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்த வரிசையில்தான். மெர்ஸ்க், எவர்கிரீன், ஹபாக்-லாய்ட் என்று பெட்டிகளில் கப்பல் கம்பெனிப் பெயர் ஆளுயரத்துக்கு எழுதியிருக்குமே, அதை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படிப்பாள். அவள் தம்பிக்குப் படிக்கத் தெரியாது. "பச்சை! நீலம்!" என்று அவன் பாட்டுக்குக் கத்துவான். இன்றைக்கும் எங்கள் கார்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் இருவரும் ஓம்னி என்றுதான் சொல்கிறார்கள். அப்பா தவணை கட்டிய வசதியான வண்டி எதுவும் அந்தப் பட்டியலில் வருவதில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் இன்று யாருக்கும் அந்த வண்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்னால் உட்காருகிறவரின் காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகடுதான். புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும் 2019-ல் அதன் தயாரிப்பே நின்றது. அதே 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் வந்தால் 1,000 ரூபாய் அபராதம். நம் பக்கத்தில் இதை யார் பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். மாதவரம் ரவுண்டானா தாண்டினால் லாரிகள் வருகிற வேகத்தைப் பார்த்தால் நீங்களே பிள்ளைக்கு பெல்ட்டை மாட்டிவிடுவீர்கள்.

ஏழு சீட் எர்டிகா 2013-ல் வந்தது. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் மகன் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். "அம்மா, இந்தக் கதவு ரிப்பேர்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அந்த வண்டி உழைத்தது உண்மை. ஆடி மாதம் பெரியபாளையம், வீடு அமைய வேண்டுமென்று மாமியார் வேண்டிக்கொண்டதால் ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில், லீவு நாளில் பழவேற்காடு. நாத்தனார் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு சீட்கூட மிஞ்சாது. ஒன்றை மட்டும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: ஏழு பேரும் உட்கார்ந்தால் சாமான் வைக்க இடமில்லை. முதல் தலைமுறை எர்டிகாவில் கடைசி வரிசை நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 135 லிட்டர்தான் இடம். பொங்கல் பானையும் விறகும் எங்கள் காலுக்கடியில்தான் வரும்.

மகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் ட்யூஷன், சனிக்கிழமை டெஸ்ட். அப்புறம் மகனுக்குக் கிரிக்கெட். "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்பது முதலில் எப்போதாவது வந்தது, பிறகு எப்போதும் அதுதான். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததும் மகள் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் ஏறி தன் பாட்டுக்குக் கல்லூரிக்குப் போனாள். கடைசி வரிசை மடிந்தே கிடந்தது. ஏழு சீட் வண்டியில் நானும் அவரும் மட்டும் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். விற்றுவிட்டு வேகன் ஆர் எடுத்தோம்.

நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது சம்பளமும் சின்னது, அதனால் சின்ன கார். 45 வயதில் சம்பளம் கூடியதும் பெரிய வண்டி வருகிறது, பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் பெரிய வண்டியைச் சீக்கிரம், ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கச் சொல்கிறேன்.

நம் பக்கம் செகண்ட் ஹேண்ட் என்றால் இரண்டு விஷயம். ஒன்று கடற்காற்று. மேலே பாலீஷ் பளபளக்கும். எங்கள் மெக்கானிக் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அக்கா, மேல நல்லாத்தான் கீது. கீழ அரிச்சிக்கிச்சி." கால்மிதியைத் தூக்குங்கள், கதவின் அடி விளிம்பைத் தடவுங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் ஜாக்கி கொடுக்கும் இடத்தையும் பாருங்கள். இன்னொன்று வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தெரியும். சீட்டைக் கழுவுகிறவர்கள் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

புதிதுதான் வேண்டுமென்றால் நான்கு மீட்டருக்குள் பாருங்கள். தெருவுக்காக மட்டுமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ரெனோ ட்ரைபர் அந்த அளவுக்குள் வரும் ஏழு சீட் வண்டி. கடைசி வரிசையைக் கழற்றியே வைத்துவிடலாம்.

உங்கள் மூத்த பிள்ளைக்கு 11 வயது. ஏழு வருட லோன் போட்டால், முடியும்போது 18. ஆகவே மூன்று, நான்கு வருடத்தில் அடைகிற தொகைக்கு மேல் போகாதீர்கள். பார்க்கப் போகும்போது பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, நடு சீட்டில் நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். மூத்த பிள்ளையின் முழங்கால் இப்போதே இடிக்கிறது என்றால் அந்த வண்டி வேண்டாம்.