வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் கட்டும் காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும்

கேள்வி: 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் செவன் காரின் அமைப்பைப் பின்பற்றி, இருவர் அமரும் சிறிய கார் ஒன்றைச் சதுரக் குழாய்களால் வீட்டுக் கொல்லையில் கட்டி வருகிறேன். பழைய மாருதி ஆம்னியின் எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவை கையில் உள்ளன. சேஸிஸ் பெயிண்ட் அடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. எஞ்சினை முதலில் இறக்கிவிட்டுக் கியர் பாக்ஸை அடியிலிருந்து சேர்ப்பதா, இரண்டையும் இணைத்தே இறக்குவதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தரையிலேயே இணைத்து ஒன்றாக இறக்குங்கள், பெயிண்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் பிராக்கெட்டுகளின் இடத்தை, அதைச் சேஸிஸுக்குள் உட்கார வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும் என்பதால், வெல்டிங் வேலை உங்களுக்கு இன்னும் மீதமிருக்கிறது.

இணைக்கும்போது பலரும் தடுமாறுவது, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே உள்ள கிளட்ச் பிளேட்டை நடுப்படுத்துவதில்தான். அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை முறுக்கும் முன், பழைய இன்புட் ஷாப்ட் (கியர் பாக்ஸின் முன்னே நீளும் தண்டு) ஒன்றைப் பிளேட்டின் பற்கள் வழியாக உள்ளே இருக்கும் சிறு பேரிங் வரை செருகி நிறுத்திக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இது சரியாக அமைந்தால் பெல் ஹவுசிங் (கியர் பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) கை அழுத்தத்திலேயே எஞ்சின் பிளாக்கோடு ஒட்டி உட்காரும். அரை அங்குல இடைவெளி நிற்கிறதே என்று போல்ட்டைப் போட்டு இழுத்தால், பிளேட்டின் நடுப்பகுதி வளையும் அல்லது ஹவுசிங்கின் காது உடையும். கியர் பாக்ஸின் எடை ஒரு நொடிகூட இன்புட் ஷாப்டில் தொங்கக் கூடாது. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தனியாளாகச் செய்யும்போது இதைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

செயின் பிளாக்கை ஓட்டு வீட்டின் உத்திரத்தில் மாட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். போர்வெல்லிலிருந்து மோட்டார் தூக்குபவர்களிடம் இருக்கும் மூன்று கால் ஸ்டாண்டு இதற்குப் போதும். நம் வண்டல் மண்ணில், அதிலும் மழைக்குப் பின், அதன் கால்கள் ஒரே அளவில் இறங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் கனமான பலகை வைத்து, மூன்றையும் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள். தூக்கிய எஞ்சினை அசைக்காமல், சேஸிஸைத்தான் அதற்கு அடியில் தள்ள வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே கியர் பாக்ஸ் நுழையும் சுரங்கம் குறுகலாக இருப்பதால் கியர் பாக்ஸின் வால் தாழ்ந்தபடி நுழைய வேண்டும். அந்தச் சாய்வில் வால் வழியாக எண்ணெய் கொட்டும் என்பதால் முன்கூட்டியே வடித்துவிடுவது நல்லது.

இனி முக்கியமான இடம். நான்கு சக்கரங்களையும் மாட்டி, இருக்கைகளின் இடத்தில் ஆளுக்கு ஈடாக ஒவ்வொரு நெல் மூட்டையை ஏற்றி, ஸ்பிரிங்குகள் அமுங்கிய நிலையில் அளவெடுங்கள். கியர் பாக்ஸின் வெளியீட்டு அச்சும் பின் ஆக்சிலின் பினியன் (சுழற்சியை உள்வாங்கும் சிறு பற்சக்கரம்) அச்சும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் நீண்ட ஷாப்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயிண்ட் என்ற மடங்கும் மூட்டு உண்டு. சாய்வாகச் சுழலும்போது அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது சமன் செய்யும். அந்தக் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நலம். அதற்காகச் சுழியமாக்கிவிடவும் கூடாது, ஏனெனில் ஜாயிண்டில் உள்ள ஊசி பேரிங்குகள் சிறிதேனும் உருண்டால்தான் ஒரே இடத்தில் தேயாமல் இருக்கும். அந்த ஷாப்டை வெட்டிக் குறைக்கும்போது இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். பிறகு பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), சேஸிஸின் அடிக்குழாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஆம்னியில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இருந்தால்தான் எண்ணெய் உறிஞ்சுவது கெடாது. இவையெல்லாம் பொருந்திய பின் பிராக்கெட்டுகளைப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, எஞ்சினை வெளியே எடுத்துவிட்டு முழுதாகப் பற்றவையுங்கள். பேரிங்குகள் வழியாக வெல்டிங் மின்னோட்டம் பாய்ந்தால் அவை குழி விழுந்துவிடும். பெயிண்ட் அடிக்க வேண்டிய நேரம் அதன் பிறகுதான்.

கடைசியாக, மவுண்டிங்குகள் ரப்பராக இருப்பதால், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த எர்த் ஒயர் கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, அதைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

கேள்வி: இப்படிக் கட்டிய காரைச் சாலையில் ஓட்டலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: பதிவு செய்யாமல் ஓட்ட முடியாது, பதிவு பெறுவதும் எளிதல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆம் விதிப்படி, வாகனத்தின் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஆம்னியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு அத்தகைய மாற்றத்துக்கு இடம் தரவில்லை. சொந்த நிலத்துக்குள் ஓட்டி மகிழுங்கள்.

கேள்வி: ஆம்னிக்குப் பதிலாக மாருதி 800-இன் எஞ்சினைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டிலும் 796 சி.சி. எஞ்சின்தான், ஆனால் 800-இல் அது குறுக்குவாட்டில் அமர்ந்து முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆகவே எஞ்சின் முன்னே நெடுக்குவாட்டில் இருந்து பின் சக்கரங்களைச் சுழற்றும் செவன் அமைப்புக்கு அது ஒத்துவராது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில் ஷாப்டுகள், சக்கர ஹப்புகள் அனைத்தையும் மொத்தமாக இருக்கைக்குப் பின்னே கொண்டுபோய் வைத்து, நடு எஞ்சின் காராகக் கட்டலாம். அந்தத் தொகுதியின் முன்பக்கம் 800-இல் எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையில் வையுங்கள். திருப்பி வைத்தால் நான்கு கியரும் பின்னோக்கியே ஓடும். அந்த ஹப்புகள் ஸ்டியரிங்குக்காகத் திரும்பக்கூடியவை என்பதால், அவற்றைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளைச் சேஸிஸில் உறுதியாகப் பிணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கரங்கள் தம் விருப்பத்துக்குத் திரும்பும்.