சீனக் கவிதையிலிருந்து குழந்தைக்குப் பெயர்: இரண்டு எழுத்தை எடுக்கும் முன் முழுப் பாட்டையும் படியுங்கள்

கேள்வி: நான் சிங்கப்பூரில் வசிக்கும் தமிழ்ப் பெண். கணவர் சீனர், ஹொக்கியன் குடும்பம். குடும்பப் பெயர் லிம். மாண்டரினில் லின், 'காடு' என்று பொருள். எங்களுக்குப் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. பழைய சீன இலக்கியத்திலிருந்து பெயர் வைக்க ஆசை. இணையத்தில் தேடி யாவ்யாவ், த்சாய்வெய், ருவோஷுய் என்று மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மாமனார் ஒரு மரபுத்தொடரைச் சொல்லி 'ஷியூஜூ' என்கிறார். எங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால், கணவரின் பாட்டி பெயரில் இருக்கும் 'மெய்' என்ற எழுத்தையும் சேர்க்க நினைக்கிறேன். எனக்குச் சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் வாழ்த்துகள். நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். அதற்கு முன் ஒரு விஷயம்.

சீனப் பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயரையும் சேர்த்து மூன்றே எழுத்து. அதில் நீங்கள் தேர்வு செய்வது இரண்டு. அந்த இரண்டை ஒரு பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தாலும் பாட்டின் மிச்சம் எங்கேயும் போய்விடாது. குறளின் முதல் சீரைச் சொன்னதும் நம் வாய் மீதியை முடிக்கிறதல்லவா, அதுபோல, படித்த சீனர் காதில் பெயர் விழுந்ததும் அடுத்த அடி தானாக ஓடிவரும். பெயர் வைப்பவர் யோசிக்க வேண்டியது அந்த அடுத்த அடியைத்தான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தூ யூயூ. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்ததற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றவர். 1930-ல் நிங்போ நகரில் பிறந்தார். ஷிசிங் என்ற கவித்தொகையில் உள்ள 'மான்கள் கத்துகின்றன' பாட்டிலிருந்து அவருடைய அப்பா பெயரை எடுத்தார். 'யூயூ' என்பது மான் எழுப்பும் ஒலி, அவ்வளவுதான். ஆனால் அந்த அடி இப்படி முடிகிறது: 'வயலில் ஹாவ் செடியை மேய்கின்றன'. ஆர்ட்டிமிசினின் கிடைத்த ச்சிங்ஹாவ் செடியின் பெயரில் இருப்பதும் அதே 'ஹாவ்'தான். பெயரில் இல்லாத பாதி அடி சுமார் 40 வருடம் கழித்து அவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படி அமையாது. ஆனால் சீனர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதிலிருந்தே, மிச்ச அடியை அவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று தெரியும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

யாவ்யாவ். இதுவும் ஷிசிங்கில் உள்ளதுதான். 'பீச் மரம் இளமையாய்ச் செழிக்கிறது, அதன் பூக்கள் சுடர்விடுகின்றன. இந்தப் பெண் கணவன் வீடு போகிறாள், அந்த வீட்டுக்கு இசைவாள்' என்று வாழ்த்தும் திருமணப் பாட்டு. பாட்டில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. செழிப்பைச் சொல்லும் அதே 'யாவ்' எழுத்து, இன்றைய சீனத்தில் இளம் வயதில் இறப்பதைக் குறிக்கும் சொல்லிலும் வருகிறது. அதோடு, 'பீச்' என்பதும் 'தப்பி ஓடு' என்பதும் ஒரே ஒலி, ஒரே தொனி (குரலின் ஏற்ற இறக்கம்; சீனத்தில் அது மாறினால் பொருளும் மாறும்). எனவே இந்த அடியையே திரித்து, 'கண்காணாமல் ஓடிவிட்டான்' என்று பொருள்படும் மரபுத்தொடர் ஒன்று பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். அந்தப் பாட்டு மனதை விட்டுப் போகவில்லை என்றால், 'சுடர்விடும் பூ' என்ற இடத்திலிருந்து ஜுவோஹுவா என்று எடுக்கலாம். 'வீட்டுக்கு இசைவாள்' என்ற இடத்திலிருந்து யீஜியா என்றும் எடுக்கலாம்தான். ஆனால் ஐக்கியா கடையின் சீனப் பெயரும் அதே இரண்டு எழுத்து. குழந்தை பள்ளிக்குப் போன முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள்.

த்சாய்வெய். 'வெய் கீரை பறித்தல்' என்று பொருள். ஒலி மென்மையாக இருப்பதால் சீனாவில் இந்தப் பெயருள்ள பெண்கள் நிறைய. ஆனால் பாட்டைப் படித்தால், கீரை பறிப்பவர்கள் எல்லைப் போரில் பசியோடும் தாகத்தோடும் கிடக்கும் வீரர்கள். 'நான் புறப்பட்டபோது வில்லோ கிளைகள் அசைந்தாடின. திரும்பும்போது பனி கொட்டுகிறது' என்ற அதன் கடைசிப் பகுதி சீனக் கவிதையிலேயே மிக அழகான வரிகளில் ஒன்று என்பேன். கூடவே இன்னொரு கதையும் வரும்: புது அரசின் தானியத்தைத் தொடமாட்டோம் என்று மலையேறி, இதே கீரையைத் தின்று, பட்டினியில் இறந்துபோன போ யீ, ஷு ச்சி சகோதரர்கள். தவறான பெயர் என்று சொல்லமாட்டேன். அந்தத் துயரத்தைத் தெரிந்து, விரும்பி வைத்தால் கம்பீரமான பெயர். ஒலிக்காக மட்டும் வைப்பதானால் வேண்டாம்.

ருவோஷுய். 'நீரைப் போல'. 'மிக உயர்ந்த நன்மை நீரைப் போன்றது. எல்லா உயிருக்கும் உதவும், எதனோடும் போட்டியிடாது' என்று லாவோட்சுவின் பழைய நூலான தாவோ தே ஜிங்கின் 8-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்த வரியின் முதல் நான்கு எழுத்தே மரபுத்தொடராகிவிட்டது. வெட்டிய பிறகும் பொருள் முழுமையாக நிற்கிறது, அடுத்த அடியும் நல்லது. மாண்டரின் பேசும் குடும்பமாக இருந்தால் தயங்காமல் இதையே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் ஹொக்கியன் பேசுகிறார்கள், அங்கேதான் இடிக்கிறது. ஹொக்கியனில் 'லிம்' என்றால் குடிப்பது, 'சுய்' என்றால் தண்ணீர். தொனி வேறுதான், இருந்தாலும் லிம் என்று தொடங்கிச் சுய் என்று முடியும் பெயரைக் கூப்பிட்டால் பெரியவர்கள் காதில் 'தண்ணீர் குடி' என்றுதான் விழும். மாண்டரினிலும் 'நீரைப் போல' என்பதும் 'வலுவற்ற நீர்' என்பதும் ஒரே ஒலி.

இந்த ஒலிப் பொருத்தத்தைச் சீனர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. குடும்பப் பெயர் வூ என்றால் 'இல்லை' என்றும், ஜியா என்றால் 'பொய்' என்றும் காதில் விழும். வூ குடும்பத்தில் ஒரு பையனுக்கு 'நற்குணம்' என்று பெயர் வைத்தால் 'நற்குணம் இல்லாதவன்' ஆகிவிடுவான். அதனால் எந்தப் பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து, வீட்டில் பேசும் எல்லா மொழியிலும், உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது மாமனார் சொன்ன ஷியூஜூ. உங்கள் பட்டியலிலேயே மிக நன்றாகச் செய்த பெயர் இதுதான் என்பது என் கருத்து.

செங்யூ எனப்படும் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கெழுத்து. ஒரு பழைய கதையோ வரியோ அதற்குள் சுருங்கிக் கிடக்கும். அதிலிருந்து பெயர் எடுக்கப் பல வழிகள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு எழுத்தை எடுக்கலாம். அல்லது ஒன்று விட்டு ஒன்று எடுக்கலாம்: 'மார்பில் ஜின் மணிக்கல், கையில் யூ மணிக்கல்' என்ற தொடரிலிருந்து 'ஜின்யூ' இப்படி வரும். இருப்பதிலேயே கடினமானது, குடும்பப் பெயரையும் தொடருக்குள் உட்கார வைப்பது. 'ஓர் இலை விழுந்தால் இலையுதிர்காலம் தெரியும்' என்ற தொடரிலிருந்து, 'இலை' என்ற பொருளுள்ள யே குடும்பத்தார் யே ஜிச்சியூ என்று வைப்பார்கள். உங்கள் மாமனார் செய்திருப்பதும் இதுதான். 'மாவ் லின் ஷியூ ஜூ' என்பது தொடர். அடர்ந்த காடு, நெடிய மூங்கில். முதல் எழுத்தை விட்டால் மீதி லின் ஷியூஜூ. 'லின்' என்ற காடு உங்கள் குடும்பப் பெயராகவே அங்கே நிற்கிறது.

இந்தத் தொடர் வந்த இடமும் சாதாரணமானதல்ல. கி.பி. 353-ல் வசந்த காலத்தில், இன்றைய ஷாவ்ஷிங் நகருக்கு அருகே லான்டிங் என்ற இடத்தில் நண்பர்கள் கூடினார்கள். வளைந்தோடும் ஓடையில் மதுக்கிண்ணங்களை மிதக்கவிட்டுக் கவிதை எழுதினார்கள். அந்தக் கவிதைகளுக்கு வாங் ஷிஜி எழுதிய முன்னுரையில்தான் 'இங்கே உயர்ந்த மலைகள், அடர்ந்த காடு, நெடிய மூங்கில்' என்ற வரி வருகிறது. சீனக் கையெழுத்துக் கலையின் உச்சம் என்று இன்றும் கொண்டாடப்படுவது அந்த முன்னுரைதான். மூல ஏடு கிடைக்கவில்லை, பழைய படிகளே இருக்கின்றன. முன்னுரையின் பின்பகுதி வாழ்வின் நிலையாமை பற்றிப் பேசுகிறது. ஆனால் மூங்கில் வரும் இடம் மகிழ்ச்சியான இடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளை வேறு யாராவது சொல்வார்கள். தாங் காலக் கவிஞர் தூ ஃபூவின் 'அழகி' என்ற கவிதையில், கணவன் கைவிட்ட ஒரு பெண் குளிரில் மெல்லிய ஆடையோடு, அந்தி நேரத்தில் 'ஷியூஜூ'வில் சாய்ந்து நிற்கிறாள். பெண் குழந்தைக்கு இந்தப் பெயர் என்றதும் சிலருக்கு அதுவும் நினைவுக்கு வரும். நான் இதைத் தடையாக நினைக்கவில்லை. அந்தப் பெண் வறுமையிலும் தலை குனியாதவள். மேலும் 'லின்' முன்னால் வந்துவிட்டால் மூன்று எழுத்தும் வாங் ஷிஜியின் வரியைத்தான் காட்டும். ஒலியில் ஒரே எச்சரிக்கை: மூங்கிலைக் குறிக்கும் ஜூ இரண்டாம் தொனி, பன்றியைக் குறிக்கும் ஜூ முதல் தொனி. தொனி தெரியாதவர்கள் நிறைந்த சிங்கப்பூர் வகுப்பறையில் யாராவது கேலி செய்யக்கூடும். அதற்கு மனம் தயாரா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எழுதுவது சுலபம், மூன்று எழுத்தும் சேர்ந்து 23 கோடு. பழைய எழுத்திலும் எளிமையாக்கிய எழுத்திலும் வடிவம் ஒன்றே.

'மெய்' எழுத்து பற்றி: உங்கள் எண்ணம் அன்பானது, ஆனால் வேண்டாம். நம்மில் பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பது மரியாதை. சீனக் குடும்பத்தில் பெரியவர் பெயரில் உள்ள எழுத்தைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை. முன்பு ஒலியைக்கூடத் தொடமாட்டார்கள். தாங் காலக் கவிஞர் லி ஹெயின் அப்பா பெயர் ஜின்சு. அது உயர் அரசுத் தேர்வின் பெயரான 'ஜின்ஷி'யைப் போல் ஒலிக்கிறது என்று சொல்லியே அவரைத் தேர்வு எழுதவிடாமல் செய்தார்கள். அக்கால எழுத்தாளர் ஹான் யூ அவருக்காக வாதாடி எழுதிய கட்டுரை இன்றும் இருக்கிறது. இப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் உங்கள் மாமியாரோ மாமனாரோ வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வருந்தக்கூடும். பாட்டியின் நினைவு வேண்டுமென்றால் அவருக்குப் பிடித்த பூவையோ ஊரையோ குறிக்கும் எழுத்தைத் தேடலாம். அதே நேரத்தில், குடும்பத்தில் தலைமுறை எழுத்து உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கன்பூசியஸ் வம்சத்தில் ஷியாங், லிங், தே, வெய், சுய் என்று தலைமுறைக்கு ஒரு எழுத்து முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 77-ஆம் தலைமுறை கொங் தேசெங், 79-ஆம் தலைமுறை கொங் சுய்சாங். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், மேலே சொன்ன எதையும் வைக்க முடியாது. ஒரே ஒரு எழுத்துதான் உங்கள் கையில்.

'பெண்ணுக்கு ஷிசிங், ஆணுக்கு சூசி' என்று ஒரு வழக்குச் சொல் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். சூசியும் ஒரு பழைய கவித்தொகைதான். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆண் பிறந்தால் கட்டிலில் கிடத்தி விளையாட மணிக்கல் கொடு, பெண் பிறந்தால் தரையில் கிடத்தி நூல் நூற்கும் மண்வில்லை கொடு என்று பாடுவதும் அதே ஷிசிங்தான். பெண்ணுக்கு லாவோட்சுவிலிருந்தும் எடுக்கலாம், கன்பூசியஸிடமிருந்தும் எடுக்கலாம்.

எண் கணக்கு, கோடு எண்ணிப் பலன் பார்ப்பது, பஞ்சபூதப் பொருத்தம் எல்லாம் பெரியவர்கள் விருப்பம். அவர்கள் பார்க்கச் சொன்னால் பாருங்கள். ஆனால் பெயரை முதலில் இலக்கியத்திலிருந்து எடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள். கணக்கிலிருந்து தொடங்கினால் யாரும் எழுதத் தெரியாத அரிய எழுத்தில்தான் போய் நிற்கும். இன்னொரு பக்கம் நாகரிகப் பெயர்களும் உண்டு. சீனக் காவல்துறை அமைச்சகம் வெளியிட்ட 2020 பட்டியலில் பெண் குழந்தைகளில் முதலிடம் 'யீநுவோ'. 'ஜி பூவின் ஒரு வாக்கு நூறு பொன்னைவிட மேல்' என்ற கதையிலிருந்து வந்த 'ஒரு வாக்கு ஆயிரம் பொன்' என்ற தொடர்தான் அதன் மூலம். அருமையான பொருள். ஆனால் வகுப்பில் இன்னொரு யீநுவோவும் இருப்பாள்.

ஷியூஜூ சரிப்படவில்லை என்றால் இரண்டு மாற்று சொல்கிறேன். ஒன்று, ஸூஷியென்: 'சான்றோரைக் கண்டால் அவர்போல் ஆக எண்ணு' என்ற கன்பூசியஸ் வாக்கிலிருந்து. அதே வாக்கிலிருந்து 'ஸூச்சி' என்றும் பலர் எடுப்பார்கள். உங்கள் அம்மா கூப்பிடும்போது அது 'ச்சீ' என்று முடியும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். இரண்டாவது, ஜிலான்: ஆற்றங்கரை வாசச் செடியும் லான் பூவும். சூசியில் இவை வரும் இடத்தில் அடுத்த அடி சொல்லாத காதல் ஏக்கம். ஃபான் ஜொங்யான் 1046-ல் எழுதிய யுயெயாங் மாடத்துக் கட்டுரையில் இதே செடிகள் மணம் வீசித் தழைத்து நிற்கின்றன, வசந்தத்தின் நடுவே. காட்டுக்கு அருகே செடியும் பூவும் என்று குடும்பப் பெயரோடும் ஒட்டும். மலாய் 'ஜாலான்' லேசாக நினைவுக்கு வரலாம், பெரிய தொல்லை இல்லை.

சிங்கப்பூரில் பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு. ஒரு மாலை மாமனாரை உட்கார வைத்து, தேர்ந்தெடுத்த பெயர் வரும் பாட்டை முழுதாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். அப்படியே பெயரை ஹொக்கியனில் பத்து முறை கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் ஃபோனில் கூப்பிட்டுப் பார்க்கட்டும். படிவம் நிரப்பும்போது ஆங்கில எழுத்தோடு சீன எழுத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்; ஆங்கில எழுத்தில் தொனியும் இருக்காது, எந்த ஜூ என்பதும் தெரியாது. சீன எழுத்தைக் கணவரையே தட்டச்சு செய்யச் சொல்லி, அனுப்பும் முன் மாமனாரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஒரே ஒலியில் பல எழுத்துகள் திரையில் வரிசையாக வந்து நிற்கும்.