போலிக் கணக்கை அழிக்கக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. அவள் பெயரில் யாரோ இன்ஸ்டகிராமில் கணக்குத் திறந்து பாடசாலைச் சீருடைப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அவள் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் ஒன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பி 25,000 ரூபா கேட்கிறார்கள். 10,000 ரூபா தந்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருவதாக நகரத்தில் ஒரு போன் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை)

பதில்: இருவருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அம்மா. மிரட்டுபவனுக்கு ஒருமுறை கொடுத்தால் அடுத்த கிழமை தொகை கூடும். கடைக்காரரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்றிரவே செய்ய வேண்டியவை.

எதையும் அழிக்க வேண்டாம். அந்த எண்ணை உடனே தடுக்கவும் வேண்டாம், பதிலும் போட வேண்டாம். மிரட்டல் வாசகம், தொலைபேசி எண், திகதி, நேரம், பணம் போடச் சொன்ன கணக்கு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலிக் கணக்கில் மேலே தெரியும் பயனர்பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் தாளில் எழுதுங்கள். அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே அந்தப் பக்கத்தின் இணைப்பையும் பிரதி எடுத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் முறைப்பாடு செய்யும்போது, தடுத்து அரட்டையை அழிக்கவா என்று ஒரு பெட்டி வரும். அதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பலருடைய ஆதாரம் போவது இந்த இடத்தில்தான்.

பிறகு போலிக் கணக்கின் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, முறைப்பாடு என்பதற்குள் போய், வேறொருவர்போல் நடிக்கிறார் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வகுப்பிலுள்ள எல்லோரையும் அழுத்தச் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கையால் கணக்கு நீங்காது. பிள்ளையோ பெற்றோரோ செய்யும் முறைப்பாடுதான் பெறுமதி. அடையாள ஆவணம் கேட்டால் உங்கள் சொந்தப் போனிலிருந்து மட்டும் ஏற்றுங்கள்.

ஆபாசப் படத்துக்கு வழி வேறு. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்படும் சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் இலக்கக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டகிராம், பேஸ்புக், டிக்டொக் போன்றவை தங்கள் தளத்தில் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். இதில் ஒரு விடயத்தை எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். இது ஆபாசப் படத்துக்கு மட்டும், சீருடைப் படத்துக்கு அல்ல. பிள்ளைக்கு இன்று 18 தாண்டியிருந்தாலும் படம் 18க்கு முன்னர் எடுத்ததென்றால் இங்கேதான் கொடுக்க வேண்டும். 18க்குப் பின் எடுத்ததென்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற வேறொரு சேவை. ஓரத்தை வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ குறியீடும் மாறிவிடக்கூடும், ஆகவே கைக்கு வந்த ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே கொடுங்கள். வட்ஸ்அப் அரட்டைக்குள் சுற்றும் படத்தை இந்தச் சேவையால் எட்ட முடியாது. அதற்கு பொலிஸ்தான்.

இனிக் கடைக்காரர். இன்ஸ்டகிராமின் சாவி எந்தக் கடையிலும் இல்லை. அவர் செய்வதும் மேலே நான் சொன்ன அதே பொத்தானை அழுத்துவதுதான். ஆனால் வேலைக்கென்று உங்களிடமிருந்து படத்தை வாங்குவார், கடவுச்சொல்லைக் கேட்பார், போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கேட்பார். அதன்பின் பிள்ளையின் கணக்கும் அந்தப் படமும் இன்னொருவன் கையில். இரண்டாவது மிரட்டல் அங்கிருந்து வந்தால் யாரிடம் போவீர்கள்? சிலர் வைரஸ் என்று சொல்லிப் போனை முழுதாக அழித்துத் தருவார்கள். ஆதாரமும் அதோடு போய்விடும். ‘ஹேக்கர் இருக்கிறார்’ என்று டிக்டொக்கில் விளம்பரம் போடுபவர்களும் இதே கூட்டம். தெரிந்த பையன் என்றாலும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் குழுவில் ‘இதைப் பாருங்கள்’ என்று அந்தப் படத்தைப் போடுவதும் பரப்புவதே.

முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். கணக்கு நீக்குவதில் தொழில்நுட்ப உதவிக்கு, இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேட்டுப் போங்கள். 2007ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டம் வந்த நாட்டில், ஒரு பிள்ளை ஒரே அவமானத்தை மேசைக்கு மேசை திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. அதனால் நடந்ததைத் திகதி வரிசையில் இரண்டு பக்கத்தில் எழுதி மூன்று பிரதி எடுத்துப் போங்கள். கேட்கும் இடத்திலெல்லாம் தாளை நீட்டுங்கள், பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சீருடைப் படம் பெரும்பாலும் வட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்தோ ரியூசன் குழுவிலிருந்தோதான் எடுபட்டிருக்கும். முகப்புப் படத்தைத் தொடர்பிலுள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். மகளின் உண்மையான இன்ஸ்டகிராம் கணக்கைத் தனிப்பட்டதாக்கி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். போனை மட்டும் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த மிரட்டல் வரும்போது உங்களிடம் சொல்லமாட்டாள்.